வாயில் நுழையாத ஆங்கிலச் சொல்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

வன்னியில் பொதுநோக்கு மண்டபத்திலோ வீட்டு விறாந்தையிலோ மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எவரிடமும் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். சாதாரண தரத்துக்கும் உயர்தரப் பொது ஆங்கிலத்துக்கும் படிக்கிற பிள்ளைகள் ஒரு வகை. காணிக் கடிதம், கிளினிக் கொப்பி, வேலை விண்ணப்பம் என்று எதையாவது கையில் சுருட்டிக்கொண்டு வந்து, "தம்பி, இந்தச் சொல் என்ன சொல்லுது?" என்று கேட்கிற பெரியவர்கள் மற்ற வகை. இரு பகுதியாருக்கும் வருகிற பழுதுகள் ஏறக்குறைய ஒன்றுதான். பார்த்துப் பார்த்துத் திருத்தியதில் எதை முதலில் தட்டிப் பார்ப்பது என்று ஓர் ஒழுங்கு பிடிபட்டிருக்கிறது. உங்கள் பழுது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

வாசிக்க முன் ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கிலத்தில் பி என்று இரண்டு எழுத்து உண்டு. ஏ-க்கு அடுத்து வருவதைப் 'பி' என்றும், ஓ-வுக்கு அடுத்து வருவதைப் 'பீ' என்றும் எழுதுகிறேன். அதேபோல சி-க்கு அடுத்து வருவது 'டி', எஸ்-க்கு அடுத்து வருவது 'ரி'. எழுத்துக்கூட்டுச் சொல்லும்போது ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் இடையில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: கொப்பியில் தமிழில் எழுதிவைத்த உச்சரிப்பை வாசித்தால் வேறு சொல் வருகிறது

ஆகக் கூடுதலாக வருகிற பழுது இதுதான். நாக்குத் திரும்பவில்லை என்று பிள்ளைக்குப் பேச்சு விழும். பெரும்பாலும் பழுது நாக்கில் இல்லை, கொப்பியில் இருக்கும்.

சோதனை: கொப்பியின் தமிழ்ப் பக்கத்தை மட்டும் காட்டி, அந்தச் சொல் தெரியாத இன்னொரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையும் அதே பிழையான சொல்லைச் சொன்னால் எழுத்தைத் திருத்தவேண்டும். சரியாகச் சொன்னால் மட்டும் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

*எழுத்துப் போதாமை.* கொப்பியில் 'பாக்' என்று இருக்கிறது என்று வையுங்கள். அது பள்ளிக்கூடப் பையா, முதுகா, பொதி கட்டுவதா? ஆர் எழுத்தை விழுங்குகிற பிரித்தானிய வழக்கில் நாய் குரைப்பதும் பூங்காவும்கூட அதே 'பாக்'தான். ஐந்து சொல்லை ஒன்றுக்குள் அடைத்துவிட்டு, அடுத்த கிழமை பிள்ளை சரியானதை எடுத்துத் தரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

திருத்தம்: தமிழெழுத்தைக் கைவிடத் தேவையில்லை, அடையாளம் போட்டால் போதும். க, ச, ட, த, ப குரல் அதிர்ந்து வருகிற இடத்தில் எழுத்துக்குக் கீழே கோடு. தொண்டையில் இரண்டு விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு தெரியும். பைக்கும் முதுகுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி எழுத்தின் அந்த அதிர்வில்தான் (உயிரின் நீளத்திலும் கொஞ்சம்) இருக்கிறது. எஃப் ஒலிக்கு ஃப. இசட் ஒலிக்கு ஸ எழுதி அதற்கும் கீழ்க்கோடு. அழுத்தம் விழுகிற அசைக்கு மேலே ஒரு சாய்கோடு. சிலர் அழுத்தத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வைக்கவேண்டாம், தமிழில் அது மெய்யெழுத்தாகிவிடும்.

*ர-வும் ட-வும் கலந்த கொப்பி.* நாம் ரீச்சர், ரயர், ரோச், ரியூசன் என்று எழுதிப் பழகியவர்கள். தமிழகத்தில் டீச்சர், டயர், டார்ச், டியூஷன். பிள்ளை பகலில் இங்கத்தைய ரீச்சரிடம் ஒரு சொல்லை எழுதிக்கொள்கிறது, இரவில் யூரியூப்பில் தமிழகத்துப் பாடம் பார்த்து இன்னொரு சொல்லை எழுதிக்கொள்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு முறையும் கலந்துவிடும். காணி உறுதியில் வருகிற ரி-ஐ-ரி-எல்-ஈ என்ற சொல் 'ரைற்றில்' என்று கொப்பிக்குள் போய், வலதுபக்கம் என்ற சொல்லின் ஓசையோடு வெளியே வரும். இன்னும் மோசமானது, நம் முறைப்படி எழுதினால் அறையும் 'ரூம்', கல்லறையும் 'ரூம்'. கல்லறைக்கு உரியது ரி-ஓ-எம்-பி. கடைசிப் பி ஊமை, முதல் எழுத்து ரி.

திருத்தம்: கொப்பியின் முதல் பக்கத்தில் எந்த முறை என்று எழுதிவிடுங்கள். எந்த முறையானாலும் சரி, ஒன்றாக இருந்தால் போதும். அரிய சொற்களுக்கு மட்டும் நான் ரி எழுத்தின் ஒலிக்கு ட அல்லது ற் போடச் சொல்வேன், டி எழுத்தின் ஒலிக்குக் கீழ்க்கோடிட்ட ட. ரீச்சரையும் ரயரையும் மாற்றப் போகவேண்டாம், அவை தமிழாகிவிட்டன. கீழே உச்சரிப்புக் காட்டுகிற இடங்களிலும் இதையே பாவித்திருக்கிறேன், கோடு போடத்தான் வசதியில்லை.

*முன்னும் பின்னும் ஒட்டிய உயிர்.* 'இஸ்கூல்', 'புக்கு', 'பஸ்ஸு'. தமிழ் வாய்க்கு இது இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அரிய சொல்லில் இந்த உயிர் ஒட்டினால் அசை ஒன்று கூடி, கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது. போனில் பதிவுசெய்து கேட்கவையுங்கள். தானாகவே காது கண்டுபிடிக்கும். முன்னால் ஒட்டுகிற இ-க்கு, எஸ் ஒலியை மட்டும் நீட்டி இழுத்து, நிறுத்தாமல் அடுத்த எழுத்துக்குள் போகப் பழக்குங்கள்.

*அச்சுப் புத்தகமே பிழை.* தமிழில் உச்சரிப்புப் போட்ட மலிவு வழிகாட்டிகள் கடைகளில் தொங்கும். அதில் ஏற்கெனவே தெரிந்த பத்துச் சொல்லைப் பாருங்கள். மூன்று பிழைத்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒலிக்குறி போட்ட கற்போர் அகராதி ஒன்றுக்குக் காசைச் செலவழியுங்கள். அந்தக் குறிகள் 1886-இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச ஒலியியல் சங்கத்தின் வழி வந்தவை, ஏறக்குறைய எல்லா நல்ல கற்போர் அகராதியிலும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்கத் தேவையில்லை. முதலில் மூன்று போதும்: கவிழ்ந்த ஈ எழுத்து (வாய் திறக்காமல் விழுங்கிச் சொல்கிற 'அ'), முக்காற்புள்ளி போன்றது (முன்னுள்ள உயிர் நெடில்), மேலே நிற்கும் சிறு கோடு (அடுத்துவரும் அசையில் அழுத்தம்).

அறிகுறி: எழுதியிருக்கிறபடியே வாசிக்கிறார், கேட்பவர் முழிக்கிறார்

ஊமை எழுத்து. காரணத்தை ஆராய வேண்டாம், தொகுதி தொகுதியாகப் பாடமாக்கினால் போதும்.

சொல்லின் முதலில் கே-என், ஜி-என், பீ-என், பீ-எஸ், டபிள்யூ-ஆர் சேர்ந்து வந்தால் முதலெழுத்து ஊமை. நியூமோனியாவும் திருப்பாடலைக் குறிக்கிற 'சாம்' என்ற சொல்லும் பீ-யில்தான் தொடங்குகின்றன. சொல்லின் கடைசியில் எம்-பி, எம்-என் வந்தால் கடைசி எழுத்து ஊமை. குழாய் பொருத்துகிறவர் பிளமர்தான், 'பிளம்பர்' இல்லை.

நடுவில் ஒளிந்திருப்பவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. கடன் என்ற சொல் 'டெற்', அதன் பி ஊமை. பற்றுச்சீட்டு 'ரிஸீற்', அதன் பீ ஊமை. குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதற்கான ஐ-என்-டி-ஐ-சி-ரி, 'இன்டைற்' என்று வரும், சி ஊமை. தொய்வுக்காரருக்கு வாங்கிய மருந்தில் எழுதியிருப்பது 'அஸ்மா', நடுவில் உள்ள ரி-எச்சைத் தொடவே கூடாது. குளத்தின் துருசு 'ஸ்லூஸ்', அதில் ஐ இருப்பதை மறந்துவிடுங்கள். படகு அடைகிற துறைமேடை கியூ-யூ-ஏ-வை, ஆனால் உச்சரிப்பு வெறும் 'கீ', சாவிக்குச் சொல்வதுபோலவே. முல்லைத்தீவுக் கரையில் படகுப் பயிற்சிக்குப் போகிற பெடியளுக்கு இன்னும் இரண்டு: சுக்கான் பிடிப்பவர் 'கொக்ஸன்', படகின் மேல்விளிம்பு 'கன்னல்'. எழுத்தைப் பார்த்தால் இரண்டையும் நம்பமாட்டீர்கள்.

இராணுவப் பதவிப் பெயர்களில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஆங்கிலத்தில் கேணலுக்கு எழுதும் சொல்லில் ஆர் எழுத்தே இல்லை, நடுவில் எல் இருக்கிறது, ஆனாலும் உச்சரிப்பு 'கேர்னல்'. இங்கத்தைய பத்திரிகைகளில் 'கேணல்', 'லெப்டினன்ட்' என்று வாசித்து வளர்ந்தவர்கள் ஓசைக்குக் கிட்டத்தான் நிற்கிறார்கள், எழுத்தைப் பார்க்காமல் சொன்னாலே ஏறக்குறையச் சரி. ஆனால் படையணி என்ற சி-ஓ-ஆர்-பீ-எஸ் விஷயத்தில் கவனம். அது 'கோர்', பீ-யும் எஸ்-உம் ஊமை. இரண்டையும் ஒலித்தால் பிணம் என்றாகிவிடும்.

இதற்கு மறுதலையான பழுதும் உண்டு. கடைசி ஈ ஊமைதான் என்று பழகியவர்கள், ஊமையாக இல்லாத ஈ-யையும் விழுங்குவார்கள். 'ரெசிப்பி' எல்லாருக்கும் தெரியும். அதே வரிசையில் 'இபிட்டமி' (ஒன்றின் முழு உருவான எடுத்துக்காட்டு), 'ஹைபேர்பலி' (உயர்வு நவிற்சி), 'கட்டாஸ்ட்ரஃபி' (பேரழிவு), 'சிமிலி' (உவமை) எல்லாம் வரும். கிரேக்கம், இலத்தீன் வழி வந்த சொல் என்று அகராதியில் கண்டால் கடைசி ஈ-யைச் சந்தேகியுங்கள்.

இதற்கெல்லாம் ஆள் பிடிக்கத் தேவையில்லை. போனில் அகராதி அப் ஒன்றை இணையம் இல்லாமலும் வேலைசெய்யும்படி இறக்கிவைத்தால் போதும். சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடங்களில் டேற்றாவை நம்பியிருந்தால் பாடம் நடக்காது.

அறிகுறி: ஒவ்வோர் எழுத்தும் சரி, ஆனாலும் விளங்கவில்லை என்கிறார்கள்

அழுத்தம் பிசகியிருக்கிறது. தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும், ஒடுங்கிய அசையின் உயிர் தேய்ந்தே போகும்.

சோதனை: சொல்லும்போது மேசையில் தட்டச் சொல்லுங்கள். எல்லா அசைக்கும் ஒரே பலத்தில் தட்டினால் பழுது இதுதான்.

மலிவான திருத்தம், சொல்லின் வாலைப் பார்ப்பது. 'ஷன்' என்றோ 'இக்' என்றோ 'இற்றி' என்றோ முடிந்தால் அதற்கு முந்திய அசையில் அழுத்தம். நிழற்படம் என்ற சொல்லுக்கு முதல் அசை, படப்பிடிப்புக் கலைக்கு இரண்டாவது, அதே சொல் 'கிராஃபிக்' என்று முடிந்தால் மூன்றாவது. இந்த 'இக்' விதிக்கு அடங்காதவை சில உண்டு. மடுத் திருவிழாக் காலத்தில் ஊரெல்லாம் அடிபடுகிற 'கத்தொலிக்' அவற்றில் ஒன்று, அழுத்தம் முதல் அசையில். 'ஈ-ஈ' என்று முடிகிற சொற்களில் வால்தான் ஓங்கும்: அகதி, மீளத் திரும்பியவர், குத்தகைக்கு எடுத்தவர் என்பவற்றுக்கான சொற்கள் எல்லாம் அப்படி.

அடுத்து, பெயரா வினையா என்று பாருங்கள். 'பேமிற் காணி' என்று நாம் சொல்கிற சொல் பெயர், அழுத்தம் முதல் அசையில். அனுமதிப்பது என்ற வினையானால் அதே எழுத்துக்கள், அழுத்தம் இரண்டாவதில். படிவத்தின் மேல் குத்துகிற ஐ-என்-வி-ஏ-எல்-ஐ-டி, இரண்டாம் அசையில் அழுத்தினால் செல்லுபடியாகாதது. முதல் அசையில் அழுத்தினால் படுக்கையில் கிடக்கும் நோயாளி.

வால் விதியும் கைகொடுக்காவிட்டால் அகராதியின் நிற்கும் கோடுதான் தீர்ப்பு. சில பழைய அகராதிகளில் அந்தக் குறி அசைக்கு முன்னால் இல்லாமல் பின்னால் இருக்கும். நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து எந்தப் பக்கம் என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: போன் ஒரு விதமாகச் சொல்கிறது, ரீச்சர் வேறு விதமாகச் சொல்கிறார்

பெரும்பாலும் இருவரும் சரி. போன் அமெரிக்கக் குரலில் இருக்கும். அட்டவணை என்ற சொல் பிரித்தானியத்தில் 'ஷெடியூல்', அமெரிக்கத்தில் 'ஸ்கெஜூல்'. எழுதுவினைஞர் 'கிளாக்', அங்கே 'கிளேர்க்'. கடலில் மிதக்கும் அடையாள மிதவை பிரித்தானியருக்குப் பையன் என்ற சொல்லின் ஓசை, அமெரிக்கருக்குப் 'பூயி'. அமைப்புக்குள் போய் ஐக்கிய இராச்சியக் குரலைத் தெரிவுசெய்துவிட்டு மறுபடி கேளுங்கள். இங்கத்தைய பாடசாலைகள் பிரித்தானிய வழியில் நிற்பதால் சோதனைக்கு அதுவே வசதி.

குரலை மாற்றியும் சரிவரவில்லை என்றால், தனிச் சொல்லைக் கொடுத்திருப்பீர்கள். பேமிற் போன்ற சொல்லில் பெயரா வினையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது, ஒன்றை ஊகித்துச் சொல்லும். முழு வசனமாகக் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இயந்திரக் குரலை விட்டுவிட்டு, ஆள் பேசிப் பதிந்த குரலுள்ள அகராதிக்குப் போங்கள்.

அறிகுறி: அகராதியில் அந்தச் சொல்லே இல்லை

இருக்கும், வேறு இடத்தில் இருக்கும். காதால் கேட்ட சொல்லானால் முதலெழுத்து ஊமையாக இருக்கலாம், மேலே சொன்ன தொகுதிகளில் தேடுங்கள். கடிதத்தில் பார்த்த சொல்லானால் பன்மையாகவோ இறந்தகாலமாகவோ இருக்கும். செயற்கைக் கால் பற்றிய கடிதத்தில் 'ப்ரொஸ்தீஸீஸ்' என்று வந்தால் அது பன்மை. ஒருமை 'ஸிஸ்' என்று முடியும், கடைசி ஈ-க்குப் பதில் ஐ போட்டுத் தேடவேண்டும்.

அடுத்த காரணம், மருத்துவச் சொற்களில் வருகிற ஏ-ஈ, ஓ-ஈ. பிரித்தானியர் இரண்டெழுத்தையும் எழுதுவார்கள், அமெரிக்கர் ஈ-யோடு நிறுத்துவார்கள். காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் பற்றி வவுனியாப் பக்கம் ஒட்டுகிற அறிவித்தல்களிலும் அறிக்கைகளிலும் 'ஈட்டியொலொஜி' என்று ஒரு சொல் வரும், நோய்க்குக் காரணம் எது என்பதைக் குறிப்பது. ஏ-யில் தேடிக் கிடைக்காவிட்டால் ஈ-யில் தேடுங்கள். இரத்தச்சோகைக்கும் வீக்கத்துக்கும் உரிய சொற்களுக்கும் இதே வைத்தியம்.

இரண்டும் இல்லையென்றால் அது உள்ளூர் ஆங்கிலமாக இருக்கும். நீர்ப்பாசனத் திணைக்களக் கடிதங்களில் வருகிற ஏ-என்-ஐ-சி-யூ-ரி சின்ன அகராதிகளில் கிடைக்காது. தேடிக் களைத்தவரிடம் உரக்க வாசிக்கச் சொன்னால் சிரித்துவிடுவார், அது நம்முடைய அணைக்கட்டுத்தான். 'சேனா' என்று வருவது சேனைப் பயிர்ச்செய்கை. இவற்றுக்கு அகராதி வாங்கக் காசு செலவழிக்கவேண்டாம். கமக்கார அமைப்பில் வருடக்கணக்காக இருக்கிற ஒருவரிடம் கேட்டால் சொல்லும் கிடைக்கும், அந்தச் சொல்லால் வந்த வழக்கும் கிடைக்கும்.

அறிகுறி: பொருள் கிடைத்தது, ஆனால் வசனத்துக்குப் பொருந்தவில்லை

இதுதான் உண்மையில் ஆபத்தான பழுது. உச்சரிப்புப் பிழைத்தால் சிரிப்போடு போகும். பொருள் பிழைத்தால் காணி போகும்.

*முதல் பொருளோடு நிறுத்தியது.* அகராதியில் ஒரு சொல்லுக்குக் கீழே எண் போட்டுப் பல பொருள் இருக்கும். பிள்ளைகள் முதலாவதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இரணைமடுவைப் பற்றிய ஒரு பந்தியில் ரி-ஏ-என்-கே என்று வந்தால், அகராதி முதலில் காட்டுவது தண்ணீர்த் தாங்கி, அடுத்தது யுத்த தாங்கி. குளம் என்ற பொருள் எங்கேயோ கீழே, தெற்காசிய வழக்கு என்ற குறிப்போடு கிடக்கும், சின்ன அகராதியில் அதுவும் இராது. இரணைமடுவைத் 'தாங்கி' என்று மொழிபெயர்த்த விடைத்தாள் வன்னியில் எழுதப்பட்டது என்றால் வெளியாள் நம்பமாட்டார். ஆனால் வரும், வந்துகொண்டே இருக்கிறது.

திருத்தம்: எல்லா எண்ணையும் வாசித்து, ஒவ்வொன்றையும் வசனத்துக்குள் வைத்துப் பாருங்கள். எது உட்காருகிறதோ அதை எடுங்கள்.

*துறைச் சொல்.* வசனத்தில் உட்காருகிறமாதிரித் தெரியும், ஆனாலும் பிழையாக இருக்கும். காணிக் கடிதங்களில் இதற்கு மூன்று சொற்களைக் காட்டலாம். ஒன்று 'ஏலியனேஷன்'. சாதாரண அகராதி மனத்தால் அந்நியப்படுதல் என்று தொடங்கும். அரச காணி பற்றிய கடிதத்தில் அது காணியை ஒருவருக்குப் பராதீனப்படுத்துவது, அதாவது முறைப்படி கையளிப்பது. உங்களை யாரும் ஒதுக்கவில்லை, காணி தரப்போகிறார்கள். இரண்டாவது 'சாங்ஷன்'. அலுவலகக் கடிதத்தில் அனுமதி, செய்தியில் பொருளாதாரத் தடை. ஒரே சொல், எதிரும் புதிருமான பொருள். மூன்றாவது 'பிரிஸ்கிரிப்ஷன்'. எல்லாருக்கும் அது மருந்துத் துண்டுதான். ஆனால் சட்டத்தில் அது, நீண்டகாலம் தடையில்லாமல் ஆண்டுவந்ததன் பேரில் ஒரு காணிக்கு உரிமை கோருவது. 1871-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இதற்குப் பத்து வருட ஆட்சியைக் கேட்கிறது, அரச காணிக்கு இது செல்லாது. யுத்தத்தால் ஊரை விட்டுப்போய் உரிமை கேட்க முடியாமல் இருந்தவர்களுக்காக 2016-இல் 5-ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் இந்தச் சொல்லின் பேரில்தான். மருந்துத் துண்டு என்று எண்ணிக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டால் பதில் போடவேண்டிய தவணை கடந்துவிடும்.

சோதனை: கடிதத்தின் தலைப்பையும் அனுப்பிய கிளையையும் முதலில் பாருங்கள். காணிக் கிளை, நீதிமன்றம், வைத்தியசாலை, வங்கி, எது என்று தெரிந்தபிறகே அகராதியைத் திறவுங்கள். அகராதியில் 'சட்டம்', 'மருத்துவம்' என்று சாய்வெழுத்தில் குறிப்பிட்ட பொருளைத் தேடுங்கள். போனின் மொழிபெயர்ப்பு அப் இந்த வேலைக்கு உதவாது என்று சொல்லமாட்டேன், கடிதம் எதைப் பற்றியது என்று மேலோட்டமாக அறிய உதவும். கையொப்பமிட அது போதாது.

*ஆள் தேடவேண்டிய இடம்.* கடிதத்தில் திகதி, தொகை, கையொப்பம் கேட்டல், வழக்கிலக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ரியூசன் ரீச்சரோடு நிற்காதீர்கள், நானும் வாங்கிப் பார்த்துவிட்டு மேலே அனுப்பிவிடுவேன். முதல் படி செலவில்லாதது: வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, 1988-இல் வந்த பதினாறாவது திருத்தம் அதை உறுதிசெய்கிறது. அரச அலுவலகம் அனுப்பிய கடிதமானால் தமிழிலேயே தாருங்கள் என்று கேட்கலாம், வெட்கப்படத் தேவையில்லை. அது சரிவராவிட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், அவருக்குப் பக்கக் கணக்கில் காசு. நீதிமன்றக் கடிதமானால் மொழிபெயர்ப்போடு நிற்காமல் சட்டத்தரணியிடம் போங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

அறிகுறி: இரண்டு சொல் ஒன்றாகத் தெரிகிறது

கண் ஓடுகிற வேகத்தில் ஓர் எழுத்துத் தவறும். விடுமுறை விண்ணப்பத்தில் அமைய விடுமுறை 'காஷுவல்', அதில் யூ-வும் எஸ்-உம் இடம் மாறினால் 'காரணத்தோடு தொடர்பான' என்ற சொல்லாகிவிடும். கல்யாணம் பற்றிய 'மாரிட்டல்' இரண்டு எழுத்து இடம்மாறினால் இராணுவம் பற்றியதாகும். சிலர் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், அது அவரவர் வீட்டு விஷயம்.

வன்னிக்கென்றே ஒரு சோடி உண்டு. ஓ-ஆர்-டி-ஐ-என்-ஏ-என்-சி-ஈ என்றால் கட்டளைச் சட்டம். 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேமிற்றுகள் இங்கே எத்தனையோ வீட்டில் இருக்கின்றன, அவற்றின் தலைப்பிலேயே இந்தச் சொல் நிற்கும். நடுவில் உள்ள ஐ-யை எடுத்துவிட்டால் பீரங்கி, குண்டு, வெடிபொருள் வகையறா. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களின் அறிக்கைகளில், வெடிக்காமல் கிடக்கிறவற்றைச் சொல்ல வருவது அது. முதலாவது மூன்று அசை, 'ஓ-டி-னன்ஸ்'. இரண்டாவது இரண்டே அசை, 'ஓட்-னன்ஸ்'. ஒரு காணியைப் பற்றிய கோப்பில் இரண்டும் வரலாம் என்பதுதான் சிக்கல்: எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி என்று ஒரு தாள் சொல்லும், அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதா என்று இன்னொரு தாள் சொல்லும்.

சோதனை: விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள், டி-க்கு அடுத்து என்ன என்று மட்டும் பாருங்கள். சட்டமானால் பக்கத்தில் இலக்கமும் ஆண்டும் இருக்கும். ஐ இல்லாத சொல்லைக் கண்டு, காணி துப்புரவாக்கப்பட்டதா என்பதில் மனத்தில் துளி சந்தேகம் இருந்தாலும் காணிக்குள் மண்வெட்டி வைக்காதீர்கள். கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ தாளைக் காட்டிக் கேளுங்கள்.

அறிகுறி: எதிர்ப்பொருள் என்று எண்ணியது எதிர்ப்பொருள் இல்லை

'இன்' முன்னால் வந்தால் 'இல்லை' என்று பாடமாக்கியதன் விளைவு. எரிபொருள் பவுசரின் பின்னால் எழுதியிருக்கும் 'இன்ஃபிளேமபிள்' தீப்பிடிக்காதது இல்லை, மளமளவென்று பிடிக்கக்கூடியது. இதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். 'இன்வால்யுவபிள்' விலையில்லாக் குப்பை இல்லை, விலைமதிக்க முடியாதது. 'இன்ஃபமஸ்' பேரெடுக்காதவர் இல்லை, கெட்ட பேர் எடுத்தவர், அழுத்தமும் முதல் அசையில்.

சொல்லின் உருவத்தைப் பார்த்து ஊகிப்பதும் இதே வகைப் பழுது. 'நொய்ஸம்' சத்தம் சம்பந்தமானது இல்லை, மூக்கைப் பொத்தவைக்கிற நாற்றம். 'எனர்வேற்' சக்தி கொடுப்பது இல்லை, சக்தியை உறிஞ்சுவது. ஊகித்துவிட்டு அகராதியைப் பார்ப்பதில் தவறில்லை, பார்க்காமல் விடுவதில்தான்.

அறிகுறி: எழுத்தும் சரி, அழுத்தமும் தெரியும், ஒலி மட்டும் வரவில்லை

முதலில் வாய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், ஒரு கண்ணாடி போதும். வி ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும், டபிள்யூ ஒலிக்கு உதடு குவியவேண்டும், பல் தொடக்கூடாது. நாம் இரண்டுக்கும் ஒரே வ-வைத்தான் கொடுக்கிறோம். எஃப் ஒலிக்கும் பல்லும் உதடும்தான், உதடு இரண்டும் மூடினால் ப ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஓர் ஒலி, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து, காது. பின்வாங்கில் இருந்து படிக்கிற பிள்ளை எஸ், எஃப், ரி-எச் மூன்றையும் மாறி மாறிச் சொன்னால் முன்வாங்குக்குக் கூப்பிட்டு, உங்கள் வாயைக் கொப்பியால் மறைத்துக்கொண்டு அதே சொற்களைச் சொல்லுங்கள். வாயைப் பார்க்கும்போது மட்டும் சரியாகச் சொல்லி, மறைத்தால் பிழைத்தால், ஆங்கிலப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பெற்றோரிடம் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டலாம். ஷெல் சத்தத்துக்குள் இருந்த பெரியவர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். "எனக்கு இங்கிலிஸ் ஏறாது" என்று அவர்கள் சொல்வது சில வேளை காதின் குறையாக இருக்கும்.

காதும் சரி என்றால் பிள்ளையைத் தமிழில் கதைக்கவிட்டுக் கேளுங்கள். ர-வும் ல-வும், க-வும் த-வும் தமிழிலேயே மாறுகிறதா? சொல் தொடங்க முன் திக்குகிறதா? அப்படியானால் அது ஆங்கிலப் பழுதே இல்லை. பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள், அரச வைத்தியசாலையில் காட்டினால் இதற்குக் காசு இல்லை. எவ்வளவு சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போகிறீர்களோ அந்தளவுக்கு இலகு. அதுவரை வகுப்பில் அந்தப் பிள்ளையை எழுப்பி உரத்து வாசிக்கவிடவேண்டாம், எழுத்து வேலை கொடுங்கள்.